மேகம் பார்க்கும் வேலை

கழுத்தில் ஒரு விசிலைக் கட்டிக்கொண்டு, மேகம் வருகிறதா என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அப்படி ஒரு வேலை இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வறட்சி வருஷங்களில் நான் அதைச் செய்தேன். ஒழுங்காகவே செய்தேன், ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

நாரணாபுரம் பக்கத்தில் ஒரு வேட்டு ஆபீஸ். எங்கள் பகுதியில் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி, மேஜை தேடி யாரும் வர வேண்டாம். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், ஓர் அறைக்கு நாலு பேர், நாலு பேருக்கும் தனித்தனி வாசல், நடுநடுவே வேப்ப மரங்கள். ஓர் அறை போனாலும் அடுத்த அறை தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. வேலைக்குச் சேர்ந்த அன்று போர்மேன் இதையெல்லாம் எனக்கு நிதானமாக விளக்கினார், வீட்டு மனை காட்டுகிற தரகர் மாதிரி.

அறைகளுக்கு வெளியே சிமெண்டுக் களங்கள். மருந்து செலுத்திய சரக்கு, திரி, பசை தடவிய குழல் எல்லாம் அங்கே வெயிலில் காயும். வெடிக்கிற பொடிக்கு எங்கள் ஊரில் மருந்து என்று பெயர். அந்த மருந்துக்கு நெருப்பு மட்டும் எதிரி இல்லை. நிறையத் தண்ணீரில் முக்கினால் சும்மா கிடக்கும்; ஆனால் கொஞ்சமாக ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேற ஆரம்பித்துவிடும். யாரும் உரச வேண்டாம், தீக்குச்சி வேண்டாம். அதனால் ஆபீஸில் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு சட்டம் இருந்தது: நனைந்தது எதுவும் அறைக்குள் போகக்கூடாது. துணியானாலும் சரி, பாத்திரமானாலும் சரி.

மேகம் திரண்டால் நான் விசில் ஊத வேண்டும். ஊதியதும் களத்துச் சரக்கைக் கொட்டகைக்குள் அள்ளிப் போட்டுவிட்டு, மின்னலுக்குப் பயந்து எல்லாரும் அறைகளை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்ததும், மருந்து அள்ளுகிற பிளாஸ்டிக் பேசின்களை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே கைவைத்துப் பார்த்து, காய்ந்ததை மட்டும் அடுக்குவதும் என் பொறுப்பு.

"ஏலே, நீ காட்டுக்காரன் மகன்தான? ஒங்கய்யா மேக்க பாத்தே மளை சொல்லிருவாராமே. அதையே இங்கன பாரு, போதும்" என்று சொல்லித்தான் போர்மேன் என்னை எடுத்தார்.

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் வயலைக் காடு என்போம். வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் கரிசல் காட்டில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கிணறும் கிடையாது, கால்வாயும் கிடையாது. அதனால் அய்யா வானத்தைப் படித்தார். எந்த மேகம் வெறும் புகை, எது இறங்குகிற மேகம், எறும்பு எப்போது முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவர் வரச் சொல்லிக் கும்பிட்ட மேகத்தை நான் வராதே என்று திட்ட வேண்டியதாயிற்று. வித்தை ஒன்றுதான், முதலாளி மாறிவிட்டார்.

அந்த நாட்களில் நான் அஞ்சல் வழியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். களத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஒரு கண் பாடத்தில், ஒரு கண் மேற்கே. பாடம் முழுக்க ஆறுகள். மனிதன் ஆற்றங்கரையில் குடியேறினான், வெள்ளம் வண்டலைக் கொண்டு வந்தது, விளைச்சல் மிஞ்சியது, மிஞ்சியதை வைத்துக் கோட்டை கட்டினான், எழுத்துக் கண்டான். படிக்கப் படிக்க எனக்கு எரிச்சலாக வரும். ஆறு இருந்தவன் நாகரிகம் அடைந்தான், சரி. ஆறு இல்லாதவன் என்ன ஆனான் என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்கக் கூடாதா?

எங்களுக்கும் பேருக்கு ஓர் ஆறு இருந்தது. வைப்பாற்றில் மணல் ஓடியது. வெம்பக்கோட்டையில் அணை கட்டியிருந்தார்கள். அந்த வருஷங்களில் அதற்குள் ஆடு மேய்ந்தது. கரையில் ஒரு மேடு உண்டு. எப்போதாவது மழை பெய்து மண் கரைந்தால் அங்கே பழைய பானை ஓடுகளும் உடைந்த சங்கு வளையல் துண்டுகளும் மேலே வரும். ஒரு காலத்தில் அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள், வளையல் போட்டுக்கொள்கிற அளவுக்கு நன்றாகவே இருந்திருக்கிறார்கள். தண்ணீர் போன பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மேற்கே மலை நிற்கிறது. தென்மேற்குக் காற்று கொண்டு வருகிற மழையை அது மலையாளத்துப் பக்கமே இறக்கி வைத்துக்கொள்ளும். எங்களுக்கு வருவது காலியான மேகமும் காய்ந்த காற்றும். மழை இல்லாததால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லாததால் நிலம் சும்மா கிடந்தது, ஆட்களும் சும்மா இருந்தார்கள். வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. குச்சியில் தடவிய மருந்து ஒரே பகலில் காயும், அச்சடித்த தாள் நமுத்துப் போகாது. தீப்பெட்டி வந்தது, அச்சு வந்தது, வேட்டு வந்தது. பயிரைக் கொன்ற அதே வெயில்தான் எங்களுக்குச் சோறு போட்டது. 'வெயில்தான் எங்கள் ஆறு' என்று புத்தக ஓரத்தில் எழுதி வைத்தேன். இருபத்து மூன்று வயதில் அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. அந்த ஆற்றிலும் வெள்ளம் வரும் என்று யோசிக்கும் புத்தி அப்போது எனக்கு இல்லை.

என் அக்காவும் அதே ஆபீஸில்தான் இருந்தாள். உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தோம். மச்சானுக்கு மூன்று குறுக்கம் கரிசல், அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. கல்யாணம் ஆன முதல் இரண்டு வருஷம் பருத்தியும் உளுந்தும் எடுத்தார்கள். பிறகு மூன்று வருஷம் வானம் கைவிட்டது. அக்கா ஆபீஸ் வேனில் ஏறினாள். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்தும் அறையில் அவளுக்கு வேலை. மற்ற வேலைகளைவிட அதில் கூலி கூடுதல், ஏன் கூடுதல் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் வேனில் இருந்து இறங்கும்போது அவள் கை, முகம், புருவம் எல்லாம் வெள்ளிப் பூச்சு பூசினது போல மினுங்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருப்பது போகாது. அவளுடைய நாலு வயது மகள் அம்மா ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்ளும். "மருந்து வாட அடிக்கி" என்று சொல்லும்.

மச்சான் அதிகம் பேசாத மனிதர். மனைவி அந்த அறைக்குப் போவது அவருக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சோற்றைத் தொடாமல் சொன்னார்.

"ஒரு உளவு மளை பெய்யட்டும். பெஞ்ச மறுநாள் நீ அந்த அறைக்குள்ள கால் வைக்கப்படாது. மாப்ள, நீதான் சாட்சி."

"பெஞ்சா நானா போகப் போறேன்?" என்றாள் அக்கா. "நீங்க வெதைய எடுத்து வைங்க, நான் வேன மறந்திருவேன்."

உழவுக்குப் பதமாக ஒரு மழை. அக்கா அந்த அறையை விட்டு வெளியே வருவதற்கு வேறு வழி இல்லை. அன்றிலிருந்து நான் மேகம் பார்ப்பதில் ஒரு கோளாறு வந்துவிட்டது. சம்பளம் கொடுப்பவருக்காக வராதே என்பேன். மனசுக்குள் வந்து தொலையேன் என்பேன்.

இன்னொருத்தியும் அந்த மழைக்காகக் காத்திருந்தாள். எங்கள் ஊர்த் தெற்குத் தெருவில் இருந்தாள். தலைமுறை தலைமுறையாக எங்களைப் போன்றவர்களின் காட்டில் களை பறித்துக் கூலி வாங்கிய குடும்பம். சொந்தமாக ஒரு கை மண் கிடையாது. அதே ஆபீஸில் குழல் சுருட்டிக்கொண்டிருந்தாள். மருந்து அறையில் இடம் காலியானால் தனக்கு வேண்டும் என்பது அவள் ஆசை. வேனில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கடி கேட்பாள்.

"மளை பெஞ்சா நீங்க நின்னுருவீகளாமே? ஒங்க எடத்த எனக்குச் சொல்லி விடுங்கக்கா. வேற யாருக்கும் சொல்லிராதீக."

"வரட்டும் தாயி. மொதல்ல மளை வரட்டும்" என்பாள் அக்கா.

புரட்டாசிக் கடைசி. தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவிந்து கிடந்தது. லாரி லாரியாக லோடு போய்க்கொண்டிருந்தது. போர்மேன் காலையில் வந்ததும் என்னிடம், "மேக்க என்ன சொல்லுது?" என்று கேட்பார். பத்து நாளாக ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் காலையில் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு மேல் காற்று சட்டென்று நின்றது. வேப்ப இலை ஒன்றுகூட அசையவில்லை. மலைக்கு மேல் ஒரு கோடு கருத்தது, பிறகு அந்தக் கோடு தடித்தது. அய்யா உயிரோடு இருந்திருந்தால் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டியிருப்பார். இது இறங்குகிற மேகம்.

நான் விசிலை உடனே ஊதவில்லை. இதை ஒளிக்க விரும்பவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும், வாயைத் திறந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் ஊதினேன். சரக்கை அள்ளி முடிப்பதற்கும் முதல் சொட்டு விழுவதற்கும் சரியாக இருந்தது.

அப்படி ஒரு மழையை நான் அதற்கு முன் மூன்று வருஷமாகப் பார்த்ததில்லை. அறைகளை விட்டு வந்த பெண்கள் கொட்டகைக்குள் நிற்கவில்லை. சில பேர் கையை மட்டும் வெளியே நீட்டினார்கள், சில பேர் முழுசாகவே இறங்கி நின்றார்கள். வெள்ளிப் பூச்சு கரைந்து சாம்பல் நிறத்தில் அவர்கள் காலடியில் ஓடியது. வேலை போச்சே என்று போர்மேன் ஒரு பக்கம் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மல்லாங்கிணறு பக்கத்தில் நிலம் உண்டு, அடிக்கிற கையில் வேகமே இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் உழவு மழையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, விதைப்பதற்கு முன்னால் விதையில் தெளிக்க வேண்டும். அது மண்ணில் படாத தண்ணீராக இருக்க வேண்டும், கூரையில் வழிந்ததாகவும் இருக்கக்கூடாது. மழை நம்மை எங்கே நனைக்கிறதோ அங்கேயே, வானத்தில் இருந்து நேராகப் பிடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்கள் தண்ணீருக்குச் செய்கிற மரியாதை அது. அக்கா தன்னுடைய தூக்குவாளியை மழையில் வைத்துப் பார்த்தாள். அதன் வாய் குறுகல், அடிகூட நிறையவில்லை. ஓடிப் போய் மருந்து பேசின் அடுக்கில் இருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து களத்தின் நடுவில் வைத்தாள்.

நான் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"புதுசுதான் தம்பி. இன்னும் மருந்து படாதது" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு அது. நான் தலையை ஆட்டினேன்.

பேசினில் நாலு விரல்கடைத் தண்ணீர் சேர்ந்ததும் தூக்குவாளியில் ஊற்றி மூடிக்கொண்டாள். பேசினை முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். அந்த முந்தானையே சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கொண்டு போய் அடுக்கின் மேலே கவிழ்த்து வைத்தாள். நனைந்தது எதுவும் உள்ளே போகக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அன்றைக்கு அவளுக்கு ஆபீஸே மறந்துவிட்டது. மறந்ததில் தப்பும் இல்லை, அவள்தான் மறுநாள் வரப் போவதில்லையே. நான் வர வேண்டியவன். சாயங்காலம் அந்த அடுக்கில் கைவைத்துப் பார்க்க வேண்டியவன் நான்.

மழை விட்டதும் வேன் கிளம்பியது. "கம்மாய்க்குத் தண்ணி வருதாம்லே" என்று யாரோ சொன்னார்கள். நான் அடுக்குப் பக்கம் போகாமல் வேனில் ஏறிவிட்டேன். ஊருக்குப் போய்க் கண்மாய்க் கரையில் நின்று, செம்மண் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் வருவதைப் பார்த்தேன். ஊரே அங்கேதான் நின்றது. தெற்குத் தெருக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"அக்கா, மளை பெஞ்சிருச்சு" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, காலைல போர்மேன்கிட்ட இவளச் சொல்லிரு. என் எடத்துல இவ ஒக்காரட்டும்."

மறுநாள் ஆபீஸில் பாதி ஆட்கள் இல்லை. நிலம் இருந்தவர்கள் யாரும் வரவில்லை. வரப்புப் பார்க்க, விதை எடுக்க, டிராக்டர் சொல்லி வைக்க என்று எல்லாரும் அவரவர் காட்டில் நின்றார்கள். நிலம் இல்லாதவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். மழை எல்லாருக்கும் பொதுவாகப் பெய்கிறது என்று சொல்வார்கள். அன்று காலை அந்த வேனில் ஏறியிருந்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். போர்மேனிடம் அவளைப் பற்றிச் சொன்னேன். "ஆள் கெடைச்சாப் போதும், ஒக்காரச் சொல்லு" என்றார். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்தாள்.

வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மலை அவ்வளவு கிட்டே தெரிந்தது. நான் துடைப்பத்தால் களத்தில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கலவை போடுகிறவர் அவசரமாக மருந்தைக் கலந்து, அடுக்கின் மேலே இருந்த பேசினை எடுத்து நிரப்பி, அவளுடைய அறைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஈரத்தைப் பார்த்துத்தான் அடுக்கியிருப்பான் என்று அவர் என்னை நம்பியிருப்பார். நான் அதை அப்போது கவனிக்கவில்லை. மச்சான் இந்நேரம் எந்த மூலையில் இருந்து உழவைத் தொடங்க யோசிப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவள் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இந்தப் பேசின் என்ன கதகதங்குது? வெயில்ல வெச்சிருந்தீகளா?"

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நான் அவளிடமிருந்து நாற்பது அடி தள்ளி நின்றேன். கத்தியிருக்க வேண்டும். கை தானாக விசிலை வாயில் வைத்தது. மூச்சு இருக்கிற மட்டும் ஊதினேன்.

அவள் அந்த விசிலுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள். வாசலில் இருந்து ஓர் எட்டு வெளியே வந்து, நெற்றியில் கையை வைத்து, மேகம் எங்கே என்று வானத்தைப் பார்த்தாள். மேற்கே பார்த்தாள், கிழக்கே பார்த்தாள். ஒரு துண்டு மேகம் இல்லை. விசிலுக்கு எங்கள் ஆபீஸில் ஒரே அர்த்தம்தான் உண்டு, அது மழை. வேறு ஆபத்துக்கு நாங்கள் ஒரு சத்தம் வைத்திருக்கவில்லை.

"என்ன தம்பி, வெளாட்டா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பினாள்.

"வெளிய வாங்க" என்று நான் கத்தியது அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. என்னைக் களத்துத் தண்ணீரில் தூக்கிப் போட்டது. எழுந்து பார்த்தபோது அறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. வேப்ப மரத்தில் ஓர் இலை இல்லை. போர்மேன் விளக்கிச் சொன்ன இடைவெளி சரியாகத்தான் வேலை செய்தது. அடுத்த அறைக்கு ஒன்றும் ஆகவில்லை.

செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. அக்கா காட்டில் இருந்து ஓடி வந்து வாசலில் நின்றாள். கால் முழங்கால் வரை கரிசல் அப்பியிருந்தது. நான் வேனில் இருந்து இறங்கினேன். காது இரண்டும் இரைந்துகொண்டிருந்தன. அவள் என் தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள், எங்கேயும் அடிபடவில்லையே என்று பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பிடித்து, அவள் வாயசைவு எனக்குத் தெரிகிற மாதிரி நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் பேசின நீ காய வெச்சியாலே?"

"வெச்சேன்க்கா" என்றேன்.

அவள் என் முகத்தை விட்டாள். "சரி" என்றாள். கால் கழுவப் போய்விட்டாள்.

உராய்வினால் வந்த விபத்து என்று விசாரிக்க வந்த அதிகாரிகள் தாளில் எழுதினார்கள். என்னிடமும் கேட்டார்கள். மேகம் பார்க்கிறவனுக்கு அறைக்குள் நடப்பது என்ன தெரியும் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். அக்காவைக் காப்பாற்றுவதற்காக என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய், என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் அக்காவும் தெற்குத் தெருவுக்குப் போனோம். இறந்தவளின் புருஷன் எழுந்து வந்து அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க சொல்லித்தான் அந்த எடம் கெடைச்சதுன்னு மொத நாள் ராத்திரி பூரா சொல்லிக்கிட்டே கெடந்தா தாயி. நல்லா இருப்பீக."

அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வர இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அந்த வருஷம் உளுந்து பிரமாதமாக விளைந்தது. விதைக்கிற அன்று மச்சான் விதையில் தெளிக்க அந்தத் தூக்குவாளித் தண்ணீரைத் தேடியிருக்கிறார். அக்கா அதை எப்போதோ வாசலில் கொட்டிவிட்டிருந்தாள். அவள் மறுபடி ஆபீஸுக்குப் போகவில்லை. காட்டுக்கும் அவ்வளவாகப் போகவில்லை. நான் விசிலைப் போர்மேன் மேஜையில் வைத்துவிட்டு மதுரைக்கு வந்து ஒரு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் சேர்ந்தேன். வரலாற்றுப் படிப்பை முடித்தேன். ஆற்றங்கரை நாகரிகங்களைப் பற்றி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

ஐந்து வருஷம் கழித்து ஒரு புரட்டாசியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் காற்று நின்றது. நான் மேற்கே பார்க்கவில்லை, பார்ப்பதை விட்டிருந்தேன். ஆனால் மண் வாடை வந்துவிட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் சத்தம் கேட்டது, குடத்தையும் அண்டாவையும் வெளியே இழுத்து வைக்கிற சத்தம். எங்கள் ஊரில் மழைக்கு முன்னால் வருகிற சத்தம் அதுதான். மழைத் தண்ணீரை வீணாக விடுகிற வீடு அங்கே கிடையாது.

அக்கா முற்றத்துக்கு வந்தாள். வெளியே கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தாள். வாளி, குண்டான், ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டி, எல்லாவற்றையும். கவிழ்ப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் உள்ளேயும் உள்ளங்கையை வைத்து நிதானமாகத் தடவினாள். ஆபீஸில் சாயங்காலம் நான் செய்ய வேண்டிய வேலை அது.

"மளை வந்தா அம்மாவுக்கு இப்பிடித்தான் மாமா. எல்லாரும் தண்ணி பிடிப்பாக, இவுக கவுத்து வைப்பாக. தெருவே சிரிக்கி" என்றாள் மகள். இப்போது நாலாவது படிக்கிறாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சொன்ன பொய்யை அக்கா ஒரு நாள்கூட நம்பியதில்லை. அன்றைக்குச் 'சரி' என்றது எனக்காகச் சொன்னது. ஐந்து வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் பங்கையும் சேர்த்துத் தான் ஒருத்தியே சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

கடைசியாக ஒரு பிளாஸ்டிக் பேசின் இருந்தது. காலையில் துணி அலசியது. அக்கா அதன் உள்ளே கைவைத்துப் பார்த்தாள். கவிழ்க்காமல் என்னிடம் கொண்டு வந்து நீட்டினாள்.

"தொட்டுப் பாரு தம்பி. காஞ்சிருக்கா?"

தொட்டுப் பார்த்தேன். அடியில் விரல் வழுக்கியது.

"காயலக்கா" என்றேன். "அன்னைக்கி நான் தொட்டே பாக்கல."

"தெரியும்லே" என்றாள். பேசினை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். மழை வலுத்தது.